அசைந்தால் கலங்கும் படம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில், நானும் தங்கையும் இருக்கிறோம். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. நான் கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் எழுதுகிறேன். விடிந்ததிலிருந்து அலுவலகம் புறப்படும்வரை கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தை ஆறு வருடங்களாக வேறொரு வேலைக்குக் கொடுத்து வந்தேன். அதற்குச் சம்பளம் கிடையாது. யாரும் எடுத்துப் பாவிக்கலாம், யாரும் திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று இணையத்தில் கிடைக்கும் ஒரு வீடியோ மென்பொருள் அது. பல நாடுகளில் இருந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சிலர் சேர்ந்து எழுதுகிறோம். அதில் படத்தின் அளவை மாற்றும் ஃபில்டர் என் பொறுப்புக்கு வந்தது. சின்னப் படம் உள்ளே போனால் பெரிய படம் வெளியே வரும், பெரியது போனால் சின்னது வரும். அவ்வளவுதான் அதன் வேலை.

அந்தப் பகுதியை இருபது வருடங்களுக்கு முன் ஒரே மனிதர் எழுதியிருந்தார். அவர் எப்போதோ விலகிப் போய்விட்டார். கோப்பைத் திறந்தால் முடிவில்லாமல் கீழே போய்க்கொண்டிருக்கும். ஓரிடத்தில், ‘இது ஏன் வேலை செய்கிறதென்று எனக்கே தெரியாது, தொடாதீர்கள்’ என்று அவரே குறிப்பெழுதி வைத்திருந்தார். எல்லோரும் அவர் பேச்சைக் கேட்டு இருபது வருடம் தொடாமல் இருந்தார்கள். நான் தொட்டேன். முதலில் சின்னச் சின்னத் திருத்தங்கள். பிறகு ஒருநாள், இதை முழுவதும் பிரித்துப்போட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று குழுவுக்கு எழுதினேன். சரி, செய்யுங்கள் என்றார்கள். இரண்டு வருடக் காலைகள் அதற்குப் போயின.

கட்டி முடிக்கும் தறுவாயில் ஒரு விவாதம் வந்தது. இந்தக் கதை முழுக்க அதில்தான் நிற்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும்.

பழைய வீடியோ கசெற்றில் ஒரு படம் என்பது உண்மையில் இரண்டு அரைப் படங்கள். ஒன்றை எடுத்து, ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து மற்றதை எடுத்திருப்பார்கள். இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்ததுபோல, முதல் அரையின் வரிகளும் இரண்டாம் அரையின் வரிகளும் மாறி மாறி இருக்கும். பெரிதாக்குவதற்கு முன் இரண்டையும் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் பெரிதாக்கினால் பக்கத்து வரிகள் ஒன்றுடன் ஒன்று கலந்துவிடும். சும்மா நிற்கிற ஆளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, இரண்டு அரையிலும் அவர் ஒரே இடத்தில்தான் நிற்கிறார். கையை வீசுகிறவருக்குத்தான் ஆபத்து. அவருக்கு இரண்டு கைகள் முளைத்துவிடும், இரண்டும் புகைபோல.

பழைய ஃபில்டர் ஒவ்வொரு படத்திலும் இருக்கும் ஒரு சின்ன அடையாளத்தைப் பார்த்து, இது இரண்டு அரைகளால் ஆனது என்று தானாக ஊகித்துப் பிரித்துக்கொள்ளும். சில கமராக்கள் அந்த அடையாளத்தைப் பிழையாகப் போடும். அப்போது நல்ல படத்தையும் அது வெட்டிக் கெடுத்துவிடும். அதைப் பற்றி முறைப்பாடுகள் நிறைய வந்திருந்தன. ஆகவே புதியதில் ஊகமே வேண்டாம் என்றேன். பாவிக்கிறவர் ஒரு சொல்லைச் சேர்த்து ‘பிரி’ என்று சொல்லட்டும், சொன்னால் பிரிப்போம், சொல்லாவிட்டால் பிரிக்க மாட்டோம். அதுதான் நேர்மை என்று நீளமாக எழுதினேன்.

என் வேலையை வரிவரியாகச் சரிபார்த்தவர் குளிர்நாடு ஒன்றில் இருப்பவர். வயதானவர் என்று நினைக்கிறேன், கேட்டதில்லை. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “சொல்ல மறந்தவருக்கு என்ன நடக்கும்?”

“கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறேன்” என்று பதில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர் ஒத்துக்கொண்டார். நான் வென்றுவிட்டேன். அன்று தங்கைக்கும் எனக்குமாக வாழையிலையில் பொதிந்த லம்ப்ரைஸ் சோறு வாங்கிக்கொண்டு போனேன்.

கொட்டாஞ்சேனையில், கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள், வீடியோ கடை வைத்திருப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். மலைநாட்டில், அற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். இளவயதில் கொழும்புக்கு வந்து கல்யாண வீடுகளில் வெளிச்சம் பிடித்து, பிறகு தானே கமரா பிடித்து, இப்போது போட்டோ கொப்பி, பாஸ்போர்ட் படம், பழைய கசெற்றுகளைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பது என்று நடத்துகிறார். தங்கை பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்தியவீட்டுக் கசெற்றை மாற்றுவதற்காக ஒருநாள் அவரிடம் போனேன். அதை எரித்துவிடு என்பது தங்கையின் கட்டளை. எரிக்குமுன் ஒரு பிரதி இருக்கட்டுமே என்பது என் ஆசை. அவருடைய கணினித் திரையில் கறுப்புப் பின்னணியில் வரிவரியாக எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. கிட்டப் போய் வாசித்தேன். அதில் சில வரிகள் நான் எழுதியவை.

“அண்ணா, இது எங்கால எடுத்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“இன்டர்நெட்ல சும்மா கெடைக்குதுங்க மிஸ். நல்ல சாமான். யாரோ வெள்ளக்காரன் செஞ்சது.”

“அதில கொஞ்சம் நானும் செய்தனான்.”

அவர் சிரித்தார். நான் என் பெயர் இருந்த இடத்தைத் திரையில் தேடிக் காட்டினேன். சிரிப்பை நிறுத்தி, அடையாள அட்டை கேட்பாரோ என்று தோன்றும்படி என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளியே எட்டி, போனுக்குக் காசு ஏற்றிக் கொடுக்கும் பக்கத்து ரீலோட் கடைக்காரரைக் கூப்பிட்டு, “மே மிஸ் தமய் மேக ஹெதுவே!” என்றார். இந்த மிஸ்தான் இதைச் செய்தவர் என்று சிங்களத்தில் அவர் சொன்னபோது, முழுவதையும் நானே செய்ததாக ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை. ஆறு வருடத்தில், என் எழுத்தைப் பாவிக்கிற ஒரு மனிதரை நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதனால் புதிய ஃபில்டருடன் மென்பொருள் வெளியானபோது முதலில் அவர் நினைவுதான் வந்தது. ஒரு சனிக்கிழமை போய் நானே அவருடைய கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். அவர் பாவித்த கட்டளை ஒற்றை வரி. யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்தது. அதை அப்படியே புதியதற்கும் வைத்தேன். ஒரு கல்யாணக் கசெற்றை ஓடவிட்டுப் பார்த்தோம். மணவறையில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் அசையாமல் உட்கார்ந்திருக்க, ஐயர் மட்டும் இடைக்கிடை மெல்லக் கையை நீட்டினார். படம் பளிச்சென்று இருந்தது. வேகமோ முன்னைவிட இரண்டு மடங்கு.

“அடேயப்பா” என்றார் அவர். “முந்தி இந்த மெஷின் மூச்சு வாங்கும் மிஸ். இப்ப பாருங்க, சும்மா ஓடுது.”

அந்த ஒரு வரிக் கட்டளையில் ‘பிரி’ என்கிற சொல் இல்லை. பழையதற்கு அது தேவைப்படவில்லை. புதியதற்குத் தேவை என்று கையேட்டில் எழுதியவள் நான். அன்று அவருடைய கதிரையில் உட்கார்ந்துகொண்டு, தேநீர் குடித்துக்கொண்டு, அதைச் சேர்க்க மறந்தவளும் நான்தான்.

இரண்டு மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“மிஸ், ஒரு சின்னப் பிரச்சின. நேரம் இருந்தா சனிக்கெழம ஒருக்கா வந்துட்டுப் போக ஏலுமா?”

ரயிலில் கோட்டை நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்தேன். பஸ்ஸில் இருக்கும்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது இடம் போதாமல் நின்றிருக்கும் என்று நினைத்தேன். கடையில் அவர் ஒரு வீடியோவைப் போட்டார்.

கொட்டாஞ்சேனைக்கு அப்பால், முகத்துவாரத்தில் ஒரு தேவாலய முற்றம். திருநாள் கூத்து. குழல் விளக்குகளுக்குக் கீழே மேடை, பின்னால் நீலத் திரை. நடுவில் தளபதி வேடத்தில் ஒரு மனிதர், முப்பது வயது இருக்கலாம். நிமிர்ந்து நின்றார். மார்பில் தைத்திருந்த சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. மத்தளம் அடித்தது. அவர் வாளை உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டு வாள், இரண்டு கை. முகத்துக்கு இரண்டு ஓரங்கள். கால்கள் இருந்த இடத்தில் ஏதோ புகை ஆடியது. ஆட்டம் நின்றதும் மறுபடி அந்தக் கண்ணாடித் துண்டுகள், அந்த மீசை, எல்லாம் தெளிவாக வந்தன.

எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது.

“கசெட்ல பூஞ்சணம் புடிச்சிருந்திச்சுங்க” என்றார் அவர். “அதான் இப்படின்னு நெனச்சேன். ஆனா நிக்கிறப்ப நல்லாத்தானே இருக்கு? ஆடுனா மட்டும் ஏன் இப்படி ஆகுது?”

“திருப்பி ஒருக்கா ஓடவிட்டுப் பாத்தனீங்களா?”

அவர் மேசைக்குக் கீழே குனிந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். உள்ளே கசங்கிய கபில நிற நாடா, குடலை உருவிப் போட்டதுபோல. முதல் தடவை முடிவுவரை எப்படியோ ஓடிவிட்டதாம். சுற்றி எடுக்கும்போது உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு அறுந்திருக்கிறது. நாடாவில் இருந்த பூச்சே உரிந்து மெஷினுக்குள் தூளாகக் கிடந்ததாம். அவருடைய கணினியில் இடம் குறைவு என்பதால் கசெற்றிலிருந்து வருவதை அப்படியே வைக்காமல், வரும்போதே பெரிதாக்கி, நன்றாகச் சுருக்கிச் சேமிப்பதுதான் அவர் வழக்கம். ஆகவே மூலம் என்று ஒன்று எங்கேயும் இல்லை. திரையில் இருந்ததுதான் மிச்சம்.

“யாற்றை கசெற் இது?”

அவர் சொன்னார். முகத்துவாரத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா. ஆடுகிறவர் அவருடைய அண்ணன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒவ்வொரு வருடமும் திருநாளுக்குக் கூத்தாடுவாராம். போன வருடம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவர் ஆடியதை அவருக்கே காட்ட வேண்டும் என்று தங்கச்சிக்கு ஆசை. யாரோ உறவினர் வீட்டு அலுமாரிக்குள் அந்தக் கசெற் கிடந்திருக்கிறது.

“கசெட் பழசு, அதான் கலங்குதுன்னு சொல்லிக் குடுத்துட்டேன்” என்றார். “இருந்தாலும் மனசு கேக்கல. நீங்க பாத்தா ஏதாச்சும் பண்ணலாமோன்னுதான்...”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “பாப்பம் அண்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவருடைய கட்டளை வரியில் விடுபட்ட சொல்லைச் சேர்த்தேன். ஏன் என்று கேட்டார். இனிமேல் இப்படி வராது என்றேன். வீடியோவைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த இரண்டு மாதத்தில் அவர் இன்னும் பத்துக் கசெற்றுகள் மாற்றியிருந்தார். அவற்றில் ஆட்கள் பெரும்பாலும் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. அவற்றை மறுபடி செய்துவிடலாம், கசெற்றுகள் இருக்கின்றன. இந்த ஒன்றுக்குத்தான் வழியில்லை.

வழியில்லை என்பதை முதலில் நான் நம்பவில்லை. கலந்ததை நான் கலந்த விதம் எனக்குத் தெரியும். எந்த வரியோடு எந்த வரி எந்த அளவில் சேர்ந்தது என்று எழுதியவளே நான்தான். கணக்கைத் திருப்பிப் போட்டால் பிரித்துவிடலாம். கடதாசியில் அது சரியாகவே வந்தது. மூன்று கிழமை, காலையிலும், வார இறுதிகளிலும், அதை மட்டும் செய்தேன். அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லி ஒருநாள் லீவும் எடுத்தேன்.

நான் போட்ட கணக்கில் சேமித்தபோது நடந்த சுருக்கம் இல்லை. வீடியோவைச் சுருக்கும்போது கண்ணுக்கு முக்கியமில்லாத மிக நுண்ணிய விவரங்களைத்தான் முதலில் கழித்துவிடுவார்கள். இரண்டு அரைகளையும் பிரிக்க எனக்கு வேண்டியிருந்தது அந்த நுண்ணிய விவரம்தான். அவர் மெதுவாக நடந்து வரும் இரண்டு மூன்று இடங்களில் ஓரளவு பிரிந்தது. வாள் சுற்றும் இடங்களில் இரண்டு கை இருந்த இடத்தில் சதுரம் சதுரமாக அழுக்கு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையைக் கூப்பிட்டு, பழையதையும் நான் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் காட்டினேன்.

“இதில எது திறம்?”

அவள் வெகுநேரம் பார்த்தாள். என் மனதை நோகடிக்காத ஒரு பதிலைத் தேடுகிறாள் என்று தெரிந்தது.

“எனக்கு ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் இருக்கு அக்கா. வலப்பக்கம் இருக்கிறது கொஞ்சம் ஊத்தையா இருக்கு.”

வலப்பக்கம் இருந்ததுதான் என்னுடையது.

“இப்ப முகத்தை எல்லாம் கிளியர் ஆக்கித் தாற புதுச் சாமான்கள் இருக்குதாமே, அதில போட்டுப் பாரன்” என்றாள். நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அது வாளையும் கையையும் ஒவ்வொன்றாக ஆக்கித் தந்தது உண்மை. முகத்தையும் தந்தது. பளபளவென்று, மூக்கு நேராக, வேறு யாரோ ஒருவருடைய முகம். அதைக் கொண்டுபோய் ஒரு தங்கச்சியிடம், இதுதான் உங்கள் அண்ணன் என்று கொடுக்க எனக்குத் துணிவில்லை.

குழுவுக்கு எழுதினேன். என் முடிவு பிழை, ஊகிக்கிற வழக்கத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், ஒருவருடைய ஒரே பிரதி கெட்டுவிட்டது என்று. பதில்கள் வந்தன. ஒருவர், வெளியான ஒன்றை மறுபடி மாற்றினால் இப்போது பழகியவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றார். இன்னொருவர், மூலத்தை வைத்துக்கொள்ளாதது பாவித்தவரின் தவறு, கையேட்டில்தான் தெளிவாக இருக்கிறதே என்று என் வரியையே எடுத்து எனக்குக் காட்டினார். குளிர்நாட்டுக்காரர் பழைய கேள்வியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. “படத்தின் ஒரு துண்டை அனுப்புங்கள், நானும் முயன்று பார்க்கிறேன்” என்று மட்டும் எழுதினார். அனுப்பினேன். நாலு நாளில், “மன்னிக்கவும், அந்த விவரம் அதில் இல்லை” என்று பதில் வந்தது. எனக்கு ஏற்கெனவே தெரிந்த பதில்தான். ஆனாலும் அதை வாசித்தபோதுதான் கதிரையை விட்டு எழுந்தேன், கணினியை மூடினேன்.

அடுத்த சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். கடைக்காரர் போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த கடதாசிகளைத் தட்டி அடுக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

“அப்ப கசெட்டுல பிழை இல்லீங்களா?”

“இல்லை அண்ணா. பூஞ்சணம் இருந்தது உண்மை. ஆனா படம் ரெண்டாத் தெரியிறதுக்குக் காரணம் நான். ஒரு சொல்லுப் போட மறந்துபோனன்.”

“ஒரு சொல்லு.”

“ஓம்.”

போட்டோ கொப்பி மெஷினை நிறுத்தினார். “விடுங்க மிஸ்” என்றார் பிறகு. “கசெட் பழசுன்னே இருக்கட்டும். அந்தம்மாவும் அத நம்பிருச்சு. இப்ப போயி வேற கதை சொன்னா என்னாகப் போவுது?”

எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த அம்மாவிடம் போய் நேரில் சொன்னால்தான் என் மனம் ஆறும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அப்போது நான் பார்த்தது என் மனம் ஆறுவதைத்தான். வற்புறுத்தினேன். கடைக்காரருக்கு என்னிடம் மறுத்துப் பேசப் பழக்கமில்லை. கடையைச் சாத்திவிட்டு என்னோடு வந்தார்.

முகத்துவாரத்தில் தேவாலயத்துக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் வீடுகளில் ஒன்று. முன்னறையில் பெரிய தொலைக்காட்சி, அதற்கு நேரே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் தலையணைகளுக்கு நடுவில் அந்தக் கூத்தாடிய அண்ணன் உட்கார்ந்திருந்தார். வீடியோவில் பார்த்த அந்தத் தோள்கள் இல்லை. மீசை இருந்தது, நரைத்து. அவருடைய தங்கச்சி என்னை உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்க் கூல் டிரிங்க் ஒன்றைத் தம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தார்.

நான் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். “அக்கா, கசெற்றில பிழையில்லை. நான் செய்ததிலதான் பிழை. இந்த அண்ணாட மெஷினில நான்தான் புதுசு போட்டுக் குடுத்தனான். அதாலதான் ஆடேக்க ரெண்டாத் தெரியுது.”

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரரைப் பார்த்தார்.

“கசெட் பழசுன்டுதானே சொன்னீங்க?”

“அப்ப எனக்குத் தெரியாதுங்க” என்றார் அவர்.

“தெரியாதா? உங்கட கடையிலதானே குடுத்தன்? உங்கள நம்பித்தானே குடுத்தன்? இருக்கிற ஒன்னையும் பிச்சிப்போட்டு, பையில போட்டுக் குடுக்கப் பாத்தீங்க. பொய்யும் சொல்லியிருக்கீங்க!”

“அக்கா, அவரில பிழையில்லை, நான்தான்...”

“நீங்க சும்மா இருங்க புள்ள. நீங்க படிச்சவங்க, வேணுமுன்டு செய்வீங்களா? கடைய வச்சிருக்கிறவருக்கு என்ன நடக்குதுன்டு தெரிய வேணாமா?”

மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவையும் சொன்னேன். நான் எத்தனை தடவை சொன்னாலும் பிழை என் பக்கம் வர மறுத்தது. கடைக்காரர் வாசற்படியருகே நின்றபடி, ஆமாங்க, ஆமாங்க என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்லக்கூட யாருமில்லை. எனக்குக் கொடுத்த கதிரையில் நான் இருந்தேன்.

கோபம் தணிந்த பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “அப்ப நீங்களே சரியாக்கித் தாங்களேன் புள்ள.”

“ஏலாதக்கா.”

“செஞ்சவங்களுக்கே ஏலாதா?”

வரிகளைப் பற்றிச் சொல்ல முயன்றேன். இரண்டு கைவிரல்களையும் கோத்துக் காட்டினேன். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு அதெல்லாம் விளங்காது” என்றார். “‘உன் கூத்து வருது’ன்டு அண்ணனுக்குச் சொல்லிவச்சிருந்தன். மூனு நாளா வாசலப் பாத்துக்கிட்டே இருந்தார்.”

ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொண்டு போயிருந்தேன். படத்தைக் கைத்தொலைபேசி அளவுக்குச் சின்னதாக்கினால் கலக்கம் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒரு பிரதியை என் போனில் வைத்திருந்தேன். அதைப் போட்டு, கதிரையில் இருந்த அண்ணனுடைய முகத்துக்கு நேரே பிடித்தேன். அவருக்கு வலப்பக்கப் பார்வையும் குறைவு என்று தங்கச்சி சொல்ல, இடப்பக்கமாக நகர்த்திப் பிடித்தேன். அவர் சிறிது பார்த்தார். பிறகு இடக்கையால் போனை மெல்ல ஒதுக்கிவிட்டுத் தொலைக்காட்சியைக் காட்டினார்.

தங்கச்சி ரிமோட்டை எடுத்துப் போட்டார். மத்தளம் தொடங்கியது. அவர் நிமிர்ந்து நிற்கும் இடம் வந்தது. வாளை உயர்த்தினார், சுற்றினார். கதிரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தங்கச்சி உடனே படத்தை நிறுத்தினார்.

“எப்பவும் இந்த இடத்தில நிப்பாட்டச் சொல்லுவார். ஏனென்டு தெரியாது.”

திரையில் இரண்டு வாள்கள், இரண்டு கைகள், இரண்டும் மங்கலாக, அசையாமல் நின்றன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, இடக்கையில் இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார்.

“ரெண்டு வாள்ன்டு சொல்றார் போல” என்றார் தங்கச்சி.

ஏன் இரண்டு என்று கேட்கிறாரா, என்னிடம் குறை சொல்கிறாரா, அல்லது அது அவருக்குப் பிடித்துத்தான் இருக்கிறதா என்று அந்த முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. பாதி முகம் மட்டுமே அசைந்தது. நான், “ஓம் ஐயா, ரெண்டு” என்றேன். அவர் விரல்களை இறக்கவில்லை. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடி அதையே சொன்னேன். தங்கச்சிதான் அவருடைய கையைப் பிடித்து மடியில் வைத்துவிட்டு, படத்தை மறுபடி ஓடவிட்டார்.

திரும்பி வரும்போது கடைக்காரர் என்னோடு பஸ் தரிப்புவரை நடந்து வந்தார். துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. அவை கடந்த பிறகு சொன்னார்: “நான்தான் சொன்னேனே மிஸ், சொல்ல வேணாம்னு.” குரலில் கோபமில்லை. அந்தப் பகுதியிலிருந்து அவருக்கு வரும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று பிறகு ரீலோட் கடைக்காரர் மூலம் தெரிந்தது. திருநாள் முடிந்து தேவாலய வாசலில் பெண்கள் கூடிக் கதைக்கும்போது அந்தக் கடையின் பெயரும் கதைபட்டிருக்கிறது. என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

குழுவில் விவாதம் ஐந்து மாதம் நடந்தது. முடிவில், ஊகம் திரும்பி வரவில்லை. இரண்டு அரைகள் என்ற அடையாளம் உள்ள படத்தை யாராவது பிரிக்காமல் பெரிதாக்கினால், திரையில் மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும் என்று ஒரு நடுவழிக்கு வந்தோம். அதை நானே எழுதிச் சேர்த்தேன். எச்சரிக்கைகளை யாரும் வாசிப்பதில்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். குளிர்நாட்டுக்காரருக்கும் தெரியும். இருவரும் ஒத்துக்கொண்டோம், அதற்குமேல் யாரையும் இணங்கவைக்க எங்களால் முடியவில்லை.

கொட்டாஞ்சேனைக் கடைக்கு இப்போதும் இடைக்கிடை போகிறேன். மற்றப் பத்துக் கசெற்றுகளையும் அவர் ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கி மறுபடி செய்து கொடுத்துவிட்டார். யாரையோ பிடித்துப் பழைய மென்பொருளையே கணினியில் திரும்பப் போட்டுக்கொண்டார். அது மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறது. நான் போனால் ஸ்டூலைத் துடைத்துப் போடுகிறார், தேநீருக்குச் சொல்லிவிடுகிறார், அற்றனில் மழை எப்படி என்று கதைக்கிறார். கணினி எங்கள் இருவருக்கும் நடுவில் மேசைமேல் இருக்கிறது. அதை நான் தொடுவதில்லை. தொடச் சொல்லி அவரும் கேட்பதில்லை.